பழம்பாடலுக்குப் புதுத்தாளம்

பாடல்கள் பிறந்த இடத்திலேயே தங்கிவிடுவதில்லை. நாற்று நடும் வயலில் பிறந்த மெட்டு கல்யாணப் பந்தலுக்கு வருகிறது. பந்தலில் கேட்டது திருவிழாத் தெருவுக்குப் போகிறது. பாடியவர் மறைந்தபின்னும் பாடல் நடந்துகொண்டே இருக்கிறது. கனகம்மாசத்திரத்தின் பெயரிலேயே சத்திரம் ஒன்று இருப்பது இந்த உண்மையை எண்ணிப் பார்க்கத் தூண்டுகிறது. சென்னையிலிருந்து திருவள்ளூரைக் கடந்து திருத்தணிக்கும் திருப்பதிக்கும் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் இது. வழிப்போக்கர் இளைப்பாறிச் செல்வதற்கே சத்திரம். அது அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. அவர் கொண்டுவந்த மூட்டையைப் பறித்துக்கொள்வதும் இல்லை. பழைய பாடலுக்கு ஒவ்வொரு காலமும் இத்தகைய சத்திரமாகவே அமைகிறது. வந்த விருந்தாளியை அந்தக் காலம் எப்படி நடத்தியது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

1970களில் மேலைநாடுகளில் எழுந்து, 1980களில் நம் ஊர்த் திருவிழா ஒலிபெருக்கிகள் வரை வந்து சேர்ந்த டிஸ்கோ இசை, பழம்பாடல்களுக்கு மிகுந்த ஆரவாரத்தோடு இடம் கொடுத்த ஒரு சத்திரம். ஆடலரங்குக்கென்றே பிறந்த அந்த இசை, தாத்தா காலத்துப் பாடல்களை எடுத்து மறுபடியும் பாடியது ஏன்? பாடியவர் யார்? பாடலைப் படைத்தவருக்குக் கிடைத்தது என்ன? இவற்றைச் சற்று நிதானமாக நோக்குவோம்.

மலை தரும் இரண்டு சான்றுகள்

பழையதைப் புதுப்பிப்பது மேலைநாட்டார் கண்டுபிடித்த வித்தையன்று. திருத்தணி மலையே இதற்கு இரண்டு சான்றுகளைத் தருகிறது.

முதலாவது, அருணகிரிநாதரின் திருப்புகழ். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்பாடல்களுக்கு அவர் அமைத்த பண்கள் நமக்குக் கிடைக்கவில்லை. சந்தம் மட்டும் சொற்களுக்குள்ளேயே புதைந்து தப்பியது. சுவடிகளில் சிதறிக் கிடந்த பாடல்களைத் தேடித் திரட்டி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சேற்றத் தொடங்கியவர் வ. த. சுப்பிரமணிய பிள்ளை. அவருடைய மைந்தர் செங்கல்வராய பிள்ளை இந்த மலையின் பெயராலேயே 'தணிகைமணி' என்று அழைக்கப்பட்டார். பின்னர் வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள், ஆங்கிலப் புத்தாண்டு நாளில் துரைமார்களைக் கண்டு வணங்கும் வழக்கத்துக்கு மாற்றாக, டிசம்பர் 31 இரவில் படிக்கொரு திருப்புகழ் பாடி மலையேறும் படித்திருவிழாவைத் தொடங்கி வைத்தார். ஆண்டின் நாள்களை நினைவூட்டும் 365 படிகள்; ஒவ்வொரு படியிலும் ஒரு பாடல். இங்கே சொல் பழையது, மெட்டு புதியது.

இரண்டாவது, முத்துசாமி தீட்சிதர். அவருடைய முதல் கீர்த்தனை திருத்தணியில் பிறந்தது என்பது இசைமரபு கூறும் செய்தி. சென்னைக்கு அருகே மணலியில் வாழ்ந்த காலத்தில் அவர் ஆங்கிலேயரின் பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டார். அம்மெட்டுகளுக்கு வடமொழிச் சொற்களை அமைத்து அவர் ஆக்கியவை 'நோட்டுசுவர சாகித்தியங்கள்' எனப்படுகின்றன. பிரிட்டிஷ் நாட்டுப்பண்ணின் மெட்டே அவற்றுள் ஒன்றில் அம்பிகையைப் பாடுகிறது. இங்கே மெட்டு வந்தது, சொல் புதியது.

டிஸ்கோ செய்தது மூன்றாவது வகை. சொல்லையும் மெட்டையும் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, தாளத்தையும் குரலையும் மட்டும் அது மாற்றியது. எளிய மாற்றம் போலத் தோன்றுகிறது. ஆனால் பாடலின் உள்ளத்தையே அது தொட்டுவிட்டதை நாம் காண இருக்கிறோம்.

முகமில்லாத குழுக்கள்

டிஸ்கோவின் இலக்கணம் எளிது. நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் பெரிய முரசு தவறாமல் ஒலிக்கும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடிகள். அதன் மேல் வயலின்களும் ஊதுகருவிகளும் அலையலையாக எழும். பாடலை நீட்டி ஆடுவதற்கென்றே 12 அங்குல இசைத்தட்டு வந்தது.

இதனை ஆக்கியவர்களில் பலர் மேடைக் கலைஞர்கள் அல்லர். ஒலிப்பதிவுக் கூடத்தில் கூலிக்கு வாசிக்கும் இசைஞர்களை ஒரு தயாரிப்பாளர் கூட்டுவார், பாடகர்களை அமர்த்துவார், அந்தத் தற்காலிகக் கூட்டத்துக்கு ஒரு பெயர் சூட்டுவார். இசைத்தட்டு விற்றால்தான் அப்பெயருக்கு ஒரு முகம் தேடப்படும். அறியாத குழுவின் புதுப்பாடலை மக்கள் வாங்குவார்களா என்பது ஐயம். அறிந்த பாடலை ஒருவேளை வாங்கக்கூடும். பழம்பாடல் அக்குழுக்களுக்கு அறிமுகச் சீட்டாகப் பயன்பட்டது. அரங்கில் ஆடிய இளைஞருக்குத் தாளம் புதிது. வீட்டிலிருந்த தந்தைக்கோ மெட்டு பழகியது.

பிரேசில் நாட்டு ஆரி பரோசோ 1939இல் இயற்றிய புகழ்பெற்ற பாடலை 1975இல் 'ரிச்சி ஃபேமிலி' என்ற பெயரில் டிஸ்கோ ஆக்கினார்கள். 1941இல் கிளென் மில்லர் குழு பதிவுசெய்த 'சட்டனூகா சூ சூ' என்னும் ரயில் பாடல், முதல் 'தங்க இசைத்தட்டு' விருதை 1942இல் பெற்றுத் தந்த பாடல். அதனை 1970களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸ் தயாரிப்பாளர்கள் இருவர் 'டக்சீடோ ஜங்ஷன்' என்ற குழுப்பெயரில் மறுபடியும் ஓடவிட்டனர். அக்குழுவின் பெயரும் பழைய பாடலொன்றின் தலைப்பே! பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனிகூட 1976இல் வால்டர் மர்ஃபியின் கையில் ஆடலரங்குக்குப் போனது.

பெங்களூரிலிருந்து இலண்டனுக்கு

இந்த வரலாற்றில் நம் அண்டை மாநிலத்து மனிதர் ஒருவர் முதல் வரிசையில் நிற்கிறார் என்பது பலர் அறியாத செய்தி. பிட்டு அப்பையா பெங்களூரில் பிறந்தவர். இளமையில் மேலைப் பாடல்களைப் பாடி, இந்திய நகரங்களின் விடுதிகளில் பெயர் பெற்று, 1967இல் இங்கிலாந்து சென்றார். 1974இல் ஜமைக்காவில் பிறந்த கார்ல் டக்ளஸ் என்பவருக்காக அவர் தயாரித்த 'குங்ஃபூ ஃபைட்டிங்' இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தை நிரப்புவதற்காக அவசரமாகப் பதிவானது. ஒரு கோடிக்கு மேல் விற்றது.

அடுத்த ஆண்டே அவர் 'பிட்டு ஆர்கெஸ்ட்ரா' என்ற ஒலிப்பதிவுக் கூடக் குழுவின் பெயரில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். 1971இல் வந்த 'சம்மர் ஆஃப் ஃபார்ட்டி டூ' என்ற திரைப்படத்துக்குப் பிரெஞ்சு இசையமைப்பாளர் மிஷேல் லெக்ராண்ட் அமைத்து ஆஸ்கார் பரிசு பெற்ற இசையின் டிஸ்கோ வடிவம் அது. இழந்த இளமையை எண்ணி ஏங்கும் மெல்லிய இசை அது; பிட்டு அதற்கு முரசைக் கொடுத்தார். பிரிட்டனில் அது பெரும் வெற்றி கண்டது. மறைந்த கோடைகாலம் ஒன்றுக்கான ஏக்கத்தை ஆயிரமாயிரம் பேர் ஆடிக்கொண்டே கேட்டார்கள்.

பின்னர் பிட்டுவின் இசை தாய்நாடு திரும்பியது. 1980இல் 'குர்பானி' இந்திப் படத்துக்காக அவர் அமைத்த ஒரு பாடலைப் பாடியவர் நாசியா ஹசன், இலண்டனில் வளர்ந்த பாகிஸ்தானியச் சிறுமி, வயது 15. 1981இல் 'டிஸ்கோ தீவானே' வந்தது. நாடுகளின் எல்லையை அந்தக் குரல் மதிக்கவில்லை. நாசியா 2000ஆம் ஆண்டில், 35 வயதில், புற்றுநோயால் இறந்தார். 2012இல் 'ஸ்டூடண்ட் ஆஃப் த இயர்' என்ற இந்திப் படம் அதே பாடலை எடுத்துப் புதுப்பித்தது. இன்றைய பாடகர்களின் குரல்களோடு நாசியாவின் குரலையும் சேர்த்துக்கொண்டது. பழையதைப் புதுப்பித்துப் புகழ் பெற்றவருடைய இசையே பழையதாகி, பிறர் புதுப்பிக்கும் பொருளாயிற்று. நாம் யாருக்குச் சத்திரமாக இருந்தோமோ, அவர் வழியே நாமும் ஒரு நாள் நடக்க வேண்டியிருக்கிறது.

பம்பாயில் பாப்லா என்ற தாளக் கலைஞர், இசையமைப்பாளர்கள் கல்யாண்ஜி – ஆனந்த்ஜியின் தம்பி, குஜராத்தியரின் நவராத்திரிக் கோலாட்ட இசையை 'டிஸ்கோ தாண்டியா' ஆக்கினார். நம் நாட்டில் இந்த அலை நாட்டுப்புறப் பாடலையும் வழிபாட்டுச் சூழலையும் தொட்டதற்கு அது சான்று.

தமிழகத்தின் பங்கு

தமிழகத்துக்கு டிஸ்கோ சினிமா வழியாகவே வந்தது. 1982இல் வெளிவந்த 'சகலகலா வல்லவன்' படத்தின் புத்தாண்டுப் பாடல் இன்றும் டிசம்பர் 31 நள்ளிரவில் ஊர்தோறும் ஒலிக்கிறது. அதே இரவில் திருத்தணிப் படிகளில் திருப்புகழ் ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் கேட்டு வளர்ந்தவர்கள் இப்பகுதி மக்கள். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் பேசப்படும் இம்மண் 1960இல் படாஸ்கர் பரிந்துரையின்படி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மாநில எல்லை மாறினாலும் மெட்டுகள் இரு பக்கமும் முன்போலவே போய் வந்தன.

ஒலிநாடாக் காலம் பிறந்தபோது பழம்பாடல்களைப் புதிய குரல்களில் பதிவுசெய்து மலிவாக விற்கும் வணிகம் நாடெங்கும் பெருகியது. வட இந்தியாவில் குல்ஷன் குமாரின் டி-சீரிஸ் நிறுவனம் இவ்வகையில் முன்னணியில் நின்றது. சினிமா மெட்டில் பக்திப் பாடல் அமைத்து விற்கும் வழக்கம் எல்லாச் சமயத்தாரிடமும் இருந்தது, நம்மிடமும் இருந்தது.

தமிழ்த் திரையில் பழம்பாடலைப் பெயர் சொல்லியே புதுப்பிக்கும் 'ரீமிக்ஸ்' வழக்கம் 2000க்குப் பின் வேரூன்றியது. 1983ஆம் ஆண்டின் 'அடுத்த வாரிசு' படத்தில் இளையராஜா அமைத்த 'ஆசை நூறு வகை' பாடலை அவருடைய மகன் யுவன் சங்கர் ராஜா 2003இல் 'குறும்பு' படத்தில் புதுப்பித்தார். 1970இல் 'சொர்க்கம்' படத்துக்காக எம். எஸ். விசுவநாதன் இசையில் டி. எம். சௌந்தரராஜன் பாடிய 'பொன்மகள் வந்தாள்' பாடலை 2007இல் 'அழகிய தமிழ்மகன்' படத்தில் ஏ. ஆர். ரகுமான் எடுத்தாண்டார். அதே ஆண்டில் வந்த 'பில்லா', 1980ஆம் ஆண்டின் பழைய 'பில்லா'விலிருந்து பாடல்களை எடுத்துக்கொண்டது. தந்தையின் பாடலை மகன் எடுத்து நடப்பது அழகான காட்சியே. ஆனால் 'பொன்மகள்' பாடலைப் புதிதாகக் கேட்ட இளைஞர்களுள் எத்தனை பேர், அதனை எழுதிய ஆலங்குடி சோமுவின் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

பாபிலோனின் ஆறுகள்

இந்த வினாவின் முழு ஆழத்தையும் காட்டும் பாடல் ஒன்று உண்டு. அது விவிலியத்திலிருந்தே பிறந்தது.

கி.மு. 587இல் எருசலேம் வீழ்ந்தது. மக்கள் பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டனர். அந்தத் துயரைச் சொல்வது 137ஆம் திருப்பாடல். பழைய இலத்தீன் விவிலியத்தில் அதன் எண் 136. சிறைப்பிடித்தவர்கள் தங்கள் பொழுதுபோக்குக்காகச் சீயோனின் பாடல் ஒன்றைப் பாடச் சொல்கிறார்கள். சிறைப்பட்டவர்களோ யாழ்களை ஆற்றோரச் செடிகளில் மாட்டிவிட்டு அழுகிறார்கள். அந்நிய மண்ணில், அந்நியரின் களிப்புக்காகப் பாடுவது எவ்வாறு என்று கேட்கிறார்கள். பாட மறுத்தவர்களின் பாடல் அது.

1970இல் ஜமைக்காவின் 'மெலோடியன்ஸ்' குழுவைச் சேர்ந்த பிரெண்ட் டோவும் டிரெவர் மெக்னாட்டனும் இத்திருப்பாடலின் தொடக்கத்தையும் 19ஆம் திருப்பாடலின் இறுதி மன்றாட்டையும் இணைத்து ஒரு பாடல் அமைத்தனர். அவர்கள் இரஸ்தஃபாரி நெறியைச் சார்ந்தவர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்குப் பாபிலோன் என்பது பழங்கதையன்று. தங்களை ஒடுக்கிய அதிகாரமே பாபிலோன். ஆண்டவரைக் குறிக்கும் சொல்லுக்குப் பதிலாக, எத்தியோப்பியப் பேரரசர் செலாசியைச் சுட்டும் தங்கள் மரபுச் சொல்லை அவர்கள் வைத்தனர்.

எட்டு ஆண்டுகளுக்குப் பின், ஜெர்மனியின் ஃபிராங்க் ஃபரியான் தம் 'போனி எம்' குழுவுக்காக இதனை எடுத்தார். முன்பு சொன்ன முகமில்லாத குழுக்களுக்கு போனி எம் தலையாய எடுத்துக்காட்டு. அதன் முதல் இசைத்தட்டில் குரல்கள் ஃபரியானுடையவையே. ஆடுவதற்கும் தோன்றுவதற்கும் ஆட்கள் பின்னரே அமர்த்தப்பட்டார்கள். மேடையில் ஆடிய பாபி ஃபாரலின் வாயிலிருந்து வந்ததாக உலகம் நம்பிய தடித்த குரல், ஒலிப்பதிவில் ஃபரியான் பாடியது. பெண் குரல்களை உண்மையில் பாடியவர்கள் லிஸ் மிட்செலும் மார்சியா பாரெட்டும். இரவல் குரலுக்கு முகம் ஒட்டும் இந்த வழக்கம் பின்னாளில் அவமானத்தில் முடிந்தது. ஃபரியானின் மற்றொரு குழுவான 'மில்லி வனில்லி'யின் இருவரும் தங்கள் இசைத்தட்டில் பாடவே இல்லை என்று தெரிய வந்தபோது, 1990இல் அவர்களுக்கு அளித்த கிராமி விருது திரும்பப் பெறப்பட்டது.

1978இல் வந்த அந்தப் 'பாபிலோன்' இசைத்தட்டு பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடத்தில் நின்றது. அங்கு மட்டும் ஏறத்தாழ 20 லட்சம் விற்றது. அதன் மறுபக்கத்தில் இருந்ததும் கரீபியக் குழந்தைகள் வட்டமாக நின்று விளையாடும் பழைய பாடலே. ஜமைக்கர் மாற்றிய சொல்லை நீக்கி, 'ஆண்டவர்' என்ற திருப்பாடல் சொல்லையே ஃபரியான் மீண்டும் வைத்தார். விவிலியத்துக்கு அது திரும்பியது என மகிழலாம். ஒடுக்கப்பட்டோரின் நம்பிக்கைச் சொல் அகன்றது எனவும் வருந்தலாம். இசைத்தட்டில் இயற்றியோர் பெயர் வரிசையில் டோ, மெக்னாட்டன் ஆகியோரோடு ஃபரியானின் பெயரும் சேர்ந்துகொண்டது.

திருப்பாடலின் இறுதி அடிகள் பழிவாங்கும் கடுஞ்சினம் நிறைந்தவை. ஜமைக்கரின் பாடலில் அவை இல்லை, ஆடலரங்கிலும் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் சீரமைக்கப்பட்ட திருப்புகழ்மாலையிலிருந்தும் அவ்வடிகள் விடப்பட்டன. ஆகவே, பழம்பாடலிலிருந்து சிலவற்றை விட்டுவிட்டுப் பாடுவது வணிகரின் குற்றம் மட்டுமே என நாம் சொல்லிவிட முடியாது. எதை விடுகிறோம், ஏன் விடுகிறோம் என்று அறிந்து விடுவதே வேறுபாடு.

பாட மறுத்தவர்களின் அழுகை ஆடலாயிற்றே, இது பாவமன்றோ என்று கேட்கத் தோன்றும். நாம் அவசரப்பட வேண்டியதில்லை. லிஸ் மிட்செலும் மார்சியா பாரெட்டும் ஜமைக்காவில் பிறந்து, சிறுவயதிலேயே இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தவர்கள். அடிமைகளாக்கப்பட்டோரின் வழியில் வந்து, மீண்டும் ஒருமுறை அந்நிய மண்ணுக்குப் பெயர்க்கப்பட்டவர்கள். அந்தத் திருப்பாடலைப் பாட அவர்களைவிடத் தகுதி யாருக்கு? கண்ணீர் அவர்கள் குரலில் இருந்தது. முரசொலியில் ஆடியவர்கள் அதைக் கேளாமல் கடந்து சென்றார்கள், அவ்வளவே. விவிலியத்தை ஒருபோதும் திறவாத இலட்சக்கணக்கானோரின் நாவில் ஒரு திருப்பாடலின் சொற்கள் தங்கின என்பதும் உண்மை. விதை பாறையில் விழுந்தாலும் விதை விதையே.

மூன்று கடன்கள்

எனவே பழம்பாடலைப் புதுப்பிப்பவருக்கு மூன்று கடன்கள் உண்டு என்று நாம் கருதுகிறோம். படைத்தவரின் பெயரைச் சொல்வது முதற்கடன். பாடியவரின் குரலை மறைக்காதிருப்பது இரண்டாவது. பாடலின் துயரத்தையோ மகிழ்ச்சியையோ தாமே உணர்ந்து கேட்போரிடம் சேர்ப்பது மூன்றாவது.

முதல் இரண்டையும் சட்டம் ஓரளவு காக்கிறது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 31சி பிரிவின்படி, ஒரு பாடல் முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே, உரிமைத் தொகை செலுத்தி அதன் மறுபதிவை வெளியிடலாம். அது மறுபதிவே என்று உறையில் சொல்லியாக வேண்டும். முதலில் பாடியவரின் பெயரையோ படத்தையோ போட்டு வாங்குவோரை மயக்கக் கூடாது. நல்ல சட்டம், பெயருக்கும் பணத்துக்கும் அது காவல்.

மூன்றாவது கடனுக்குச் சட்டம் இல்லை. அது கேட்பவரின் பொறுப்பும் ஆகும். நம் தேர்பவனிகளில் பேண்டு வாத்தியக்காரர்கள் பழைய ஞானப்பாடலையும் புதிய சினிமா மெட்டையும் அடுத்தடுத்து வாசிக்கிறார்கள். அந்த ஞானப்பாடலை யார் எழுதினார், எந்தப் பஞ்சத்தில், எந்தக் கொள்ளைநோயில், எந்த நன்றிப் பெருக்கில் எழுதினார் என்று நம் பிள்ளைகளுக்கு ஒருமுறையேனும் சொல்லியிருக்கிறோமா?

பாபிலோனின் ஆறுகள் நமக்குத் தொலைவில் இல்லை. தோட்டக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் ஊர்கள் தமிழகம் முழுவதும் உள்ளன. நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள் அங்கே பிள்ளைகளை வளர்த்து, பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்டார்கள். அவர்களும் பாடல்களைக் கொண்டு வந்தவர்கள்தாம். புதிய தாளத்தில் அவற்றை நாம் ரசிப்பதில் தவறில்லை. ஆனால் பாடச் சொல்லுமுன், அந்தப் பாடலைக் கொண்டு வந்தவரின் பெயரையும் ஊரையும் கேட்போம். அவர் சொல்லி முடிக்கும் வரை முரசு சற்று நேரம் ஓய்ந்திருக்கட்டும்.